18 டாலரில் முடிந்திருக்க வேண்டிய பழுது

அமெரிக்காவின் ஜயான் தேசியப் பூங்காவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் செம்பாறைகளைவிட, கைக்குள் அடங்கும் ஒரு பெட்ரோல் ஃபில்டர்தான் மூன்று நாளாகக் கண்முன் நிற்கிறது. முதலில் அந்த எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

எங்கள் மோட்டார் ஹோம் 1989-இல் செய்தது. வேன் முகம், முதுகில் வீடு, 7.5 லிட்டர் எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் ஓடினால் எங்களுக்கு அன்று தீபாவளி. ஒரு வார வாடகையைக் கேட்டு அரண்டுபோய், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நான்கு ஆண்டு அசையாமல் நின்ற இதை மலிவாக வாங்கினோம். மலிவுக்குக் காரணம் அந்த நான்கு ஆண்டுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பேக்கர் வரை சொல்ல ஒன்றுமில்லை. பேக்கரில் 134 அடி உயர வெப்பமானி நிற்கிறது. 1913-இல் டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவுக்கு. நாங்கள் போன அன்று 111. அங்கிருந்து மவுண்டன் பாஸ் வரை 1,100 மீட்டருக்கு மேல் ஏற்றம். சூடேறாமலிருக்க ஏ.சி.யை அணைக்கச் சொல்லும் பலகையைப் பார்த்து அணைத்தேன். எஞ்சின் சூடாகவில்லை. மூச்சுதான் வாங்கியது. மிதியைத் தரைவரை அழுத்தியும் வேகம் நூறிலிருந்து நாற்பதுக்கு இறங்கி, ஒரு விக்கலோடு நின்றுவிட்டது.

அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது! சமதளத்தில் குதிரை, மேட்டில் கழுதை. வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்கிறது என்று முடிவுகட்டி, வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டியிருக்கும் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினேன். பயனில்லை. காத்திருக்கும்போது உள்ளே ஏ.சி. போடலாமென்றால் ஜெனரேட்டரும் ஓடவில்லை. அதையும் பழுதுக் கணக்கில் சேர்த்துத் திட்டினேன். டேங்க் கால்பங்குக்குக் கீழே போனதும் அது தானாக நிற்கும்படிதான் அதற்குப் பெட்ரோல் எடுக்கும் குழாயை டேங்குக்குள் உயரத்தில் வைத்திருக்கிறார்களாம். ஏ.சி. ஓட்டியே பெட்ரோலைத் தீர்த்துவிட்டு நடுக்காட்டில் நிற்கக் கூடாதே.

லாஸ் வேகாஸில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். இந்த வண்டிக்கு டேங்குக்குள் ஒன்று, வெளியே அடிச்சட்டத்தில் ஒன்று என இரண்டு பம்ப். அவர் நான் சொன்னதைப் பாதி கேட்டார். குழாயில் பெட்ரோலின் அழுத்தத்தை அளக்கும் அழுத்தமானியை எடுக்கவே இல்லை. வெளிப் பம்பை மாற்றி 640 டாலர் பில் நீட்டினார். எங்கள் இரண்டு வார உணவுச் செலவு அது. கடைக்கு வெளியே தெரு தட்டையாக இருந்ததால் வண்டி அருமையாக ஓடியது.

அரிசோனாவின் மூலையில் வெர்ஜின் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஏற்றத்தில் அதே விக்கல். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றிரவு தங்கிய முகாமில் பக்கத்து வண்டிக்காரர், எழுபதைத் தாண்டியவர், தன் அழுத்தமானியைத் தந்தார். எஞ்சின்மேல் ஓடும் பெட்ரோல் குழாயில் டயர் வால்வு போன்ற ஒரு முனை இருக்கிறது. அதில் மாட்டினால் போதும். இந்த எஞ்சினுக்கு அழுத்தம் 30 முதல் 45 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். சும்மா ஓடும்போது 32 காட்டியது. முடுக்கியதும் 15-க்குச் சரிந்தது. பம்ப் புதியது, அப்படியானால் அதற்குப் பிறகு எங்கோ அடைப்பு. எனக்கே புரிந்துவிட்டது.

காலையில், கேஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டியின் சுடரை முதலில் அணைத்தோம். பெட்ரோலைத் திறக்கும் இடத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றி, குழாயின் அழுத்தத்தைத் துணிக்குள் விட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்தேன். ஃபில்டரின் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்தது. முழங்கை வரை பெட்ரோல். பெட்ரோல் நுழையும் பக்கத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்தால், சுக்குக் காபி நிறத்தில் துருவும் தண்ணீரும்! நான்கு ஆண்டு காலி டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. வண்டி நின்றதும் தூசு கொஞ்சம் படிந்துவிடுகிறது, அதனால்தான் அரை மணியில் மீண்டும் உயிர். டேங்கருகே இருந்த ரப்பர் குழாயும் விரலால் வளைத்ததும் வெடித்தது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது என்றார் பக்கத்து வண்டிக்காரர்.

ஃபில்டர் 18 டாலர். அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கும்படி மாட்டினேன். ஏற்றத்தில் எண்பதுக்குக் குறையவில்லை.

டேங்கை இறக்கிக் கழுவினால்தான் நிரந்தரத் தீர்வு. நிரம்பினால் 150 லிட்டர், நூறு கிலோவுக்கு மேல். இறக்கும் கூலியை இப்போது நினைக்கவே விரும்பவில்லை. திரும்பும் வழியில் பார்ஸ்டோவில் அந்த ஃபில்டரையும் கழற்றி, இரண்டாவது புதிய ஃபில்டரை மாட்டினேன். மூன்றாவது கரண்டிகளோடு டிராயரில் இருக்கிறது.