செயலி கைவிட்டது, கறுப்பு வெள்ளை வரைபடம் கைகொடுத்தது

அமெரிக்காவின் அரிசோனாவில் இலவசமாக டென்ட் போட இடம் தேடி ஒரு வெள்ளிக்கிழமை இரவு அலைந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மறுநாளே அருமையான இடம் கிடைத்தது, அது வேறு விஷயம். ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் குழந்தைகளோடு கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டால் எங்களுக்கு ஆன செலவும் அலைச்சலும் அவர்களுக்கு மிச்சமாகும்.

ஜூனில் இங்கே வெயில் 43, 44 டிகிரி. வடக்கே மலை ஏறினால் ஏழாயிரம் அடியில் பைன் காடு, இரவில் போர்வை வேண்டியிருக்கும். ஊரே அங்கேதான் ஓடுகிறது. கட்டண முகாம்களில் நல்ல இடங்களை ஆறு மாதம் முன்னாலேயே பதிவு செய்து முடித்துவிடுகிறார்கள். ஆகவே எங்களுக்கு மிச்சமிருந்தது தேசிய வனத்துக்குள், கட்டண முகாமுக்கு வெளியே காட்டிலேயே தங்குவதுதான். பொதுவாக 14 நாள் வரை தங்கலாம், காசு இல்லை, முன்பதிவு இல்லை. தண்ணீர், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது.

கிளம்பும் முன் வியாழக்கிழமை வனத்துறையின் ஒரு ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்று சொல்லி, சாதாரண கார் போகுமா, ஏதாவது மூடியிருக்கிறதா என்று கேட்டேன். எடுத்தவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். "காடு முழுக்கத் தங்கலாம். போர்டு வைத்திருந்தால் மட்டும் போடாதீர்கள்." வரைபடம் கிடைக்குமா என்றதற்கு, "எல்லாம் இணையத்தில் இருக்கிறது." எந்த வரைபடம், அதன் பெயர் என்ன என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அவர் இன்னும் ஒரே ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் எங்கள் வெள்ளிக்கிழமை வேறு மாதிரி இருந்திருக்கும்.

முகாம் இடங்களைக் காட்டும் ஒரு செயலியில் நல்ல மதிப்பெண் வாங்கிய இடம் ஒன்று இருந்தது. படங்கள், பாராட்டுகள், "சாதாரண கார் தாராளமாகப் போகும்" என்ற குறிப்பு, எல்லாம். வெள்ளி மாலை நெரிசலில் ஊர்ந்து, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, இருட்டில் சரளைக்கல் சாலையில் மெதுவாக உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், வழியில் ஒரு கம்பம். அதில் டென்ட் படத்தின் மேல் சிவப்புக் கோடு. கீழே பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் ஆணைத் தாள். அந்தப் பகுதியை அந்த வசந்த காலத்திலேயே முகாமுக்கு மூடியிருக்கிறார்கள்.

என் மச்சினன் டார்ச்சை அந்தத் தாளில் அடித்தபடி செயலியைத் திறந்தான். "மாமா, போன வாரம்கூட ஒருத்தர் இங்க தங்கினதா எழுதியிருக்காரே!" தங்கியிருப்பார். தடையை மீறித் தங்கிவிட்டு ஐந்து நட்சத்திரமும் போட்டிருப்பார். அதை யாரும் சரிபார்ப்பதில்லை. செயலியில் இருக்கும் குறி, யாரோ ஒருவர் எப்போதோ அங்கே படுத்தார் என்பதற்குத்தான் சாட்சி. அங்கே படுக்க இன்றைக்கு அனுமதி உண்டா என்பது அதில் இல்லை.

அடுத்த குறிக்குப் போனோம். அங்கே கம்பி வேலி, வேலியில் ஒரு பலகை: மாநில அறக்கட்டளை நிலம், பெர்மிட் இல்லாமல் நுழையாதே. வடக்கு அரிசோனாவில் இது பெரிய பொறி. வில்லியம்ஸ், ஆஷ் ஃபோர்க் பக்கத்து நில உரிமை வரைபடத்தைத் திறந்தால் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். 1866-இல் ரயில் பாதை போடுவதற்காக அரசாங்கம் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாகக் கம்பெனிக்கு நிலம் கொடுத்தது. அந்தக் கட்டங்கள் கைமாறிக் கைமாறி இன்றைக்கு ஒன்று தனியாருடையது, பக்கத்தது மத்திய அரசுடையது, அதற்கடுத்தது மாநிலத்துடையது என்று கிடக்கின்றன. மரமும் புல்லும் எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரிதான். மாநில அறக்கட்டளை நிலம் பள்ளிக்கூடங்கள் போன்றவற்றுக்கு வருமானம் தருவதற்காக வைத்திருப்பது. பார்க்கப் பொது நிலம் போலவே இருந்தாலும் தங்க மாநிலத்திடம் தனி பெர்மிட் வாங்க வேண்டும். இணையத்திலேயே வாங்கலாம். அந்த இருட்டில் சிக்னல் இருந்தால்தானே!

பின் சீட்டில் என் மகள் தூங்கிவிட்டாள். "போதும், எங்கயாவது ரூம் எடுங்க" என்றாள் மனைவி. நெடுஞ்சாலை ஓர மோட்டலில் 140 டாலர் அழுதோம்.

காலையில் அதே ரேஞ்சர் அலுவலகத்துக்கு நேரில் போனோம். சனிக்கிழமை, பூட்டியிருந்தது. இதை நினைவில் வையுங்கள்: இப்படிப்பட்ட அலுவலகங்கள் பல, வார நாட்களில் மட்டும்தான் திறந்திருக்கின்றன. ஜனங்கள் காட்டுக்கு வருவதோ சனி, ஞாயிறில். ஆனால் கதவுக்கு வெளியே இருந்த அறிவிப்புப் பலகையில் எல்லாமே இருந்தது. தீத்தடை ஆணை, மூடிய பகுதிகளின் வரைபடம், அப்புறம் ஃபோனில் யாரும் சொல்லாத அந்தப் பெயரும்: மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப். சுருக்கமாக எம்.வி.யு.எம். வனத்துறை இலவசமாக வெளியிடுவது. என் மச்சினன் பலகையை ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்துக்கொண்டான். மோட்டல் வைஃபையில் வரைபடத்தை இறக்கினோம்.

முதல் பார்வைக்கு அது ஏமாற்றமாக இருக்கும். கறுப்பு வெள்ளை. மலை தெரியாது, மரம் தெரியாது, அழகான இடம் எது என்று ஒன்றும் சொல்லாது. சாலைகளும் எண்களும் மட்டும். ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது இதுதான். இதில் இருக்கும் சாலையில் வண்டி போகலாம். இதில் இல்லாத சாலை, தரையில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், மூடியிருப்பதாகப் போர்டே இல்லாவிட்டாலும், போகக் கூடாது. வருடத்தில் எந்த மாதங்களில் எந்தச் சாலை திறந்திருக்கும் என்பதும் ஓரத்து அட்டவணையில் இருக்கும்.

நாங்கள் தேடியது சில சாலைகளின் ஓரமாகப் போகும் சின்னச் சின்னப் புள்ளி வரிசையை. அந்தப் புள்ளிகள் இருந்தால், சாலையை விட்டுக் குறிப்பிட்ட தூரம் உள்ளே வண்டியைக் கொண்டுபோய் முகாம் போடலாம் என்று அர்த்தம். எவ்வளவு தூரம் என்பதும் அதே தாளில் இருக்கும். நாங்கள் போன காட்டில் 300 அடி. புள்ளி இல்லாத சாலையில் ஓரமாக நிறுத்துவதோடு சரி, அதற்கு மேல் டென்ட்டை நாமே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

இந்தப் பி.டி.எஃப்-ஐ அவென்சா செயலியில் திறந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் எங்கே நிற்கிறோம் என்பது நீலப் புள்ளியாக அதன் மேலேயே தெரியும். கூடவே நில உரிமையை வண்ணத்தில் காட்டும் ஒரு வரைபடத்தையும் ஆஃப்லைனில் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பச்சை தேசிய வனம், மஞ்சள் பி.எல்.எம். (மத்திய அரசின் நில நிர்வாகத் துறை), நீலம் மாநில நிலம், வெள்ளை தனியார். மூன்றாவதாக செயற்கைக்கோள் படம். புள்ளி வரிசை இருக்கும் சாலையோரமாகவே அதில் தேடிக்கொண்டு போனால், மரங்களுக்கு நடுவே வெளிறிப்போன சின்ன வட்டங்கள் தெரியும். ஏற்கெனவே ஆட்கள் தங்கித் தங்கிப் புல் தேய்ந்த இடங்கள். புது இடத்தை மிதித்துப் பாழாக்காமல் அங்கேயே தங்குவதுதான் முறை. காபி ஆறுவதற்குள் இப்படி நான்கைந்து வட்டங்களைக் குறித்துவிட்டோம்.

சாலை முனையில் இன்னொரு விஷயம் கற்றுக்கொண்டோம். பழுப்பு நிறக் கம்பத்தில் சாலை எண் படுக்கை வசமாக எழுதியிருந்தால் சாதாரண கார் போகும். எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றால், தரையிலிருந்து உயரமான வண்டிக்குத்தான் அந்தச் சாலை. எங்களுடையது செடான். நிற்கும் எண்களைப் பார்த்ததும் இரண்டு வட்டங்களைக் கைவிட்டோம். அடுத்த சாலையில் எண் படுத்திருந்தது. உள்ளே போனால் பெரிய பைன் மரங்கள், சமமான தரை, அக்கம்பக்கம் யாரும் இல்லை. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் முதலில் போன இடம் மூடப்பட்டதற்கு ஆணையில் சொல்லியிருந்த காரணமே கூட்டமும் குப்பையும்தான்.

டென்ட் போடும் முன் மகள்தான் கவனித்தாள், கல் அடுக்கிய நெருப்பு வட்டத்திலிருந்து மெல்லிய புகை. முந்தின இரவு யாரோ தீ மூட்டிவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள். மேலே சாம்பல் பூத்திருந்தது. குச்சியால் கிளறினால் அடியில் கட்டை சிவப்பாகக் கனன்றது. சுற்றிலும் காய்ந்த பைன் ஊசிகள், காற்று வேறு. பாத்திரம் கழுவ வைத்திருந்த கேனை எடுத்து ஊற்றினோம். சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. கிளறினோம், மறுபடி ஊற்றினோம். கல்லைப் புரட்டினால் அதன் அடியிலும் சூடு. புறங்கையை வைத்துப் பார்த்து, தொட்டால் சில்லென்று இருக்கும்வரை விடவில்லை. கொண்டுபோன தண்ணீரில் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. ஊருக்குத் திரும்பி வாங்கி வந்தோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்குப் போடுகிறவர்கள், நெருப்பு அணைக்கவும் ஒரு கேன் தனியாக வையுங்கள்.

அந்தக் காட்டில் அப்போது முதல் கட்டத் தீத்தடை அமலில் இருந்தது. அப்படியென்றால் அரசு அமைத்த முகாமில், அவர்களே வைத்த வளையத்துக்குள் மட்டும்தான் தீ மூட்டலாம். நாம் தங்கும் இலவச இடத்தில் விறகும் கூடாது, கரியும் கூடாது. திருகி அணைக்கிற கேஸ் அடுப்புக்குத் தடையில்லை. மசாலா தடவிக் கொண்டுபோன கோழியைக் கரியில் சுட முடியாமல் தவாவில் பொரித்தோம். ருசிக்கு ஒன்றும் குறைவில்லை. ஜூன் மாதத்தில் இந்த ஆணைகளைக் கிளம்பும் அன்று காலையிலும் ஒரு முறை பாருங்கள். 2021 ஜூனில் தீ அபாயத்தால் கொக்கொனினோ தேசிய வனம் முழுவதையுமே பொதுமக்களுக்கு மூடினார்கள்.

கழிப்பறை விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இலவச இடங்கள் பாழாவது பெரும்பாலும் இதனால்தான். ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். தண்ணீர், நடைபாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி. சின்ன மண்வெட்டி கட்டாயம். காகிதத்தைப் புதைக்காமல் பையில் போட்டு எடுத்து வர வேண்டும். மிருகங்கள் தோண்டிப் போட்டுவிடும். தண்ணீர் பழக்கம் உள்ள நமக்கு இதில் பாதி வேலை மிச்சம். குழிக்குப் பக்கத்திலேயே கழுவிக்கொண்டு மண்ணை மூடிவிட்டால் போதும்.

வேறு பக்கம் போகிறவர்களுக்கு: இலவசம் என்றால் எந்தத் தாளும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் முகாமுக்கு வெளியே கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் இலவசமாகக் கிடைக்கும். யூட்டாவில் கிராண்ட் ஸ்டேர்கேஸ் எஸ்கலான்டே பகுதியில் இரவு தங்க இலவச பெர்மிட் எழுதி வாங்க வேண்டும். அங்கேயே களிமண் சாலைகளில் மழை பெய்தால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகூட நகராது, காய்கிறவரை காத்திருக்க வேண்டியதுதான். மோவாப் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் எண் போட்ட இடத்தில் மட்டுமே தங்கலாம், மலத்தை எடுத்துவரும் ஏற்பாடும் கையில் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மறுபடி அதே அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். இந்த முறை வேறு ஒருவர். நான் பொதுவாக எதையும் கேட்கவில்லை. வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாலை எண்ணைச் சொல்லி, இந்தச் சாலை இன்று திறந்திருக்கிறதா, இதில் புள்ளி வரிசைக்கு மேல் தனி மூடல் ஆணை உண்டா, அது எந்தத் தேதிவரை, தீத்தடை எந்தக் கட்டம் என்று கேட்டேன். அவர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னதோடு, பக்கத்தில் இன்னும் இரண்டு சாலைகளின் எண்ணையும் தாமாகவே கொடுத்தார். வியாழன் மதியத்துக்குள் இப்படிக் கேட்டு முடித்துவிடுங்கள், வெள்ளி மாலை யாரும் எடுக்க மாட்டார்கள்.

குளிர்காலத்தில் தெற்கே குவார்ட்ஸைட் பக்கம் பி.எல்.எம். பாலைவனத்துக்குப் போக எண்ணியிருக்கிறோம். அங்கே லா போசா நீண்டகாலத் தங்குமிடத்துக்குக் கட்டணம் உண்டு, அதைச் சுற்றி 14 நாள் இலவசப் பகுதிகள் இருக்கின்றன. பாலைவனத்தில் விலங்குகள் குடிக்கும் குட்டை, தொட்டியிலிருந்து கால் மைலுக்குள் டென்ட் போடுவது அரிசோனா சட்டப்படி குற்றம் என்பதையும் கவனியுங்கள். அங்கே ப்ளோமோசா சாலைப் பக்கம் செடானில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், பக்கச் சாலைகள் எப்படி இருக்கின்றன என்று எனக்குச் சொல்லுங்கள்.