தாது வருஷத்துக் கால்வாய்

சின்ன வயதில் சோற்றை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டால் பாட்டி அதட்டுவார்: "தாது வருசத்துல இருந்து எழுந்து வந்த மாதிரி திங்காத, மெதுவா சாப்பிடு." செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அது எந்த வருஷம் என்று நாங்கள் கேட்டதில்லை. ஜெயமோகனின் 'வெள்ளை யானை' நாவலைப் போன மாதம் படித்தபோதுதான் அந்த வார்த்தை உறைத்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கியது. திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறிப் பெருங்குடியில் இறங்கும்வரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். ஏய்டன் பைர்ன் என்ற அயர்லாந்துக்கார ராணுவ அதிகாரி, சென்னையின் பனிக்கட்டிக் கிடங்கான ஐஸ் ஹவுஸில், கப்பலில் வந்த அமெரிக்கப் பனிக்கட்டியை உடைத்துச் சுமக்கும் தலித் தொழிலாளர்கள், அவர்களுடைய வேலைநிறுத்தம். ஆனால் என்னை உலுக்கியது அவன் செங்கல்பட்டுப் பக்கம் போய்ப் பஞ்சத்தை நேரில் பார்க்கும் பகுதிதான். அது என் பாட்டியின் ஊர்ப்பக்கம். இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவே முடியவில்லை. ஏய்டனின் குற்ற உணர்ச்சி சில இடங்களில் பக்கம் பக்கமாக நீள்கிறது, அங்கே எனக்குப் பொறுமை போனது உண்மை. காத்தவராயன் என்ற பாத்திரம் வாய் திறந்தால் நாவல் நிமிர்ந்துவிடுகிறது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் இயற்பெயர் அது.

நாவல் இவ்வளவு சொல்கிறதே, வரலாறு என்ன சொல்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் பஞ்சங்களைப் பற்றி மைக் டேவிஸ் எழுதிய 'லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்' புத்தகத்தை எடுத்தேன். இங்கே ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரியில், டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் அதே மாதம் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளுக்கு 1 பவுண்டு தானியமும் ஓர் அணாவும். போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடியிருக்கிறார்.

1 பவுண்டு என்றால் எவ்வளவு என்று சமையலறைத் தராசில் அரிசியை நிறுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 450 கிராம், எங்கள் வீட்டு டம்ளரில் இரண்டரை. முதலில் பரவாயில்லை என்றுதான் தோன்றியது. அப்புறம் யோசித்தேன். நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அவ்வளவுதான் சோறு. பருப்பு, உப்பு, விறகு எல்லாமே அந்த ஓர் அணாவுக்குள். அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்ட மனசு வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அந்த மண்வெட்டிகள் எங்கே விழுந்தன என்று தேடியபோது கிடைத்த விஷயம்தான் என்னால் இன்னும் தாங்க முடியாதது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, ஏறக்குறைய 8 கிலோமீட்டர், பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் வெட்டப்பட்டது. பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது. நான் தினமும் போகும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாயில்தான் ஊன்றி நிற்கின்றன. நாவலில் அவர்களுக்காகக் கண் கலங்கிய நேரமெல்லாம், அவர்கள் வெட்டிய பள்ளத்துக்கு மேலேதான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

  

இப்போதெல்லாம் ரயிலில் ஜன்னல் ஓரம் நின்று கீழேயே பார்க்கிறேன். கறுப்புத் தண்ணீர், ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக். நேற்று மந்தைவெளி தாண்டும்போது பக்கத்திலிருந்த அம்மா ஒருவர், "என்னம்மா, ஏதாவது கீழ விழுந்துடுச்சா?" என்றார். இந்தக் கால்வாயை யார் வெட்டினார்கள் என்று சொன்னேன். கோட்டூர்புரம் வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கப் போகும்போது, "எங்க ஊர் திண்டிவனம் பக்கம். எங்க ஆயாவும் தாது வருசம்னு சொல்லும்," என்றார்.