மூன்றாம் நாள் மூளை

நேற்று, தலையில் காயம்பட்டு மூன்று நாளான சுண்டெலியின் மூளைச் செல்களை ஃப்ளோ சைட்டோமீட்டரில், அதாவது செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகை பிரித்து எண்ணும் கருவியில், ஓட்டினேன்.

மூளையில் கொழுப்பு அதிகம். மசித்து வடிகட்டி, அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் பெர்கால் கரைசலில் வேகமாகச் சுழற்றினால், நரம்பிழைகளின் கொழுப்புறையான மயலின் பாலாடை போல மேலே மிதக்கும். அதை உறிஞ்சி எடுக்கும்போது மூச்சுக்கூட விடமாட்டேன். கொஞ்சம் தங்கினாலும் திரையெல்லாம் குப்பைப் புள்ளிகள்தான்.

அப்புறம் ஆன்டிபாடிகள்: செல்லின் மேலுள்ள குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி, கருவியில் ஒளிர்ந்து அதைக் காட்டிக்கொடுப்பவை. சிடி11பி என்ற புரதம் இருந்து, சிடி45 என்ற புரதம் குறைவாக இருந்தால் மைக்ரோக்ளியா, மூளையின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்கள். கரு வளரும்போதே மஞ்சட்கருப் பையிலிருந்து வந்து மூளையில் குடியேறியவை. சிடி45 அதிகமென்றால் பெரும்பாலும் ரத்தத்திலிருந்து வந்தவை. ஆனால் காயத்துக்குப் பிறகு மைக்ரோக்ளியாவிலும் சிடி45 கூடும். திரையில் இரண்டு கூட்டமும் ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிரிக்கும் கோடு எங்கே போடுவது?

போன மாதம் தப்பு செய்தேன். ரத்தக் குழாய்களைக் குளிர்ந்த உப்புநீரால் சரியாகக் கழுவவில்லை. குழாய்க்குள் இருந்த செல்களையும் மூளைக்குள் நுழைந்தவையாக எண்ணிவிட்டேன். ஆறு எலிகளின் உயிர் வீணானது இன்னும் உறுத்துகிறது.

இப்போது லை6சி, பி2ஆர்ஒய்12 என்ற இரண்டு புரதங்களுக்கான ஆன்டிபாடிகளையும் சேர்க்கிறேன். முதலாவது ரத்தத்திலிருந்து வந்த செல்கள் பலவற்றின் அடையாளம். இரண்டாவது மைக்ரோக்ளியாவின் அடையாளம்தான், ஆனால் காயம்பட்டால் அதுவும் குறையும். அதனால் காயமில்லாத எலியின் மூளையையும் அதே நாளில், அதே சோதனைக்குழாய் வரிசையில் ஓட்டுகிறேன். முதல் கோடு அதில்தான்.