எரர் போச்சு, முப்பது நாளும் போச்சு

காலை ஒன்பது மணிக்குக் குடோனிலிருந்து போன். "சார், பில் போட முடியல. லாகின் பக்கமே வரல. லாரி வாசல்ல நிக்குது."

முந்தின இரவு, எங்கள் பில்லும் கணக்கும் ஓடும் ஓடூ (Odoo) மென்பொருளில் ஒரு சின்ன மாற்றம் ஏற்றியிருந்தேன். வாடிக்கையாளர் படிவத்தில் ஒரே ஒரு புது ஃபீல்டு: கிரெடிட் டேஸ் (பணம் கட்டத் தரும் நாட்கள்), முழு எண், டிஃபால்ட் 30. பில் தேதியோடு அதைக் கூட்டிக் கெடு தேதி போட நாலு வரி கோடு. சர்வரில் இறக்கி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். லாகின் ஆகிறதா என்று பார்க்காமல் தூங்கப் போனது என் தப்பு.

எரர்கள் பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்தால் ஒரே புலம்பல்: வாடிக்கையாளர் விவரம் இருக்கும் ரெஸ் பார்ட்னர் டேபிளில் கிரெடிட் டேஸ் என்ற காலம் இல்லை. (டேபிளின் நெடுவரிசையைக் குறிக்கும் 'column' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் ஆகிறது. அன்று எனக்கு இரண்டு காலமும் இல்லை.)

ரீஸ்டார்ட் செய்தால் ஓடூ புது பைதான் கோடைப் படித்துக்கொள்ளும், டேபிளைத் தொடாது. கோடு இருக்கும் மாட்யூலை அப்டேட் செய்தால்தான் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் காலம் உருவாகும். என் லேப்டாப்பில் எப்போதும் அந்த அப்டேட்டைச் செய்யும் மைனஸ் யூ (-u) போட்டே ஓட்டுவதால் அங்கே இது தலைகாட்டவே இல்லை. அதுவும் ரெஸ் பார்ட்னர் சாதாரண டேபிள் இல்லை. ஓடூவில் ஒவ்வொரு யூசருக்குப் பின்னாலும் ஒரு பார்ட்னர் பதிவு இருக்கும். பெயரை மட்டும் கேட்டாலும் அந்த டேபிளின் மற்ற ஃபீல்டுகளையும் சேர்த்தே வாரிக்கொண்டு வரும். அதனால் லாகினே விழுந்தது. ஆப்ஸ் மெனுவுக்குப் போய் அப்கிரேடு பட்டனை அழுத்தலாம் என்றால், உள்ளே போனால்தானே!

கமாண்ட் லைனில் மைனஸ் யூ கொடுத்திருக்க வேண்டும். ஆனால் லாரி நிற்கிறது, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. டேட்டாபேஸுக்குள் நேரடியாகப் போகும் பிசீக்வலில் (psql) நுழைந்து, டேபிளை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை போட்டு, இன்டீஜர் (முழு எண்) காலம் ஒன்றைக் கையாலேயே சேர்த்துவிட்டேன். ரெண்டு நிமிஷத்தில் லாகின் வந்தது. லாரியும் கிளம்பியது. அன்று இரவு ஒழுங்காக மைனஸ் யூவும் ஓட்டினேன், ஒரு எரர்கூட இல்லை. படிவத்தில் ஃபீல்டும் வந்து உட்கார்ந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அக்கவுண்ட்ஸ் அக்கா கூப்பிட்டார். "தம்பி, நேத்து போட்ட பில்லு இன்னைக்கே ஓவர்டியூன்னு சிவப்பா நிக்குது. பழைய பார்ட்டி எல்லாத்துக்கும் அப்படித்தான்."

பழைய பார்ட்டி என்ற வார்த்தைதான் பிடி கொடுத்தது. புதிதாகச் சேர்த்தவர்களுக்கு 30 சரியாக இருந்தது. பழையவர்கள் எல்லோருக்கும் 0. காரணம் இதுதான்: காலத்தைத் தானே உருவாக்கும்போது ஓடூ பழைய வரிசைகளிலும் டிஃபால்ட்டை நிரப்பிவிடும். ஏற்கெனவே ஒரு காலம் இருந்தால், வேலை முடிந்ததென்று தாண்டிப் போய்விடும். நான் அவசரத்தில் செய்து வைத்தது வெறும் கூடு. உள்ளே நல் (null), அதாவது ஒன்றுமே இல்லை. இன்டீஜர் ஃபீல்டில் நல் இருந்தால் ஓடூ அதை 0 என்று காட்டும். பில் தேதியோடு 0 கூட்டினால் அதே தேதிதான். ஓடூவே கணக்கிட்டுச் சேமித்து வைக்கும் ஃபீல்டாக இருந்திருந்தாலும் இதே கதிதான், பழைய வரிசைகளுக்குக் கணக்கே ஓடியிருக்காது.

0 இருக்கிற எல்லாவற்றையும் 30 ஆக்க டேட்டாபேஸில் ஓட்ட ஒரு அப்டேட் குவெரி எழுதிவிட்டேன். என்டரைத் தட்டுவதற்கு முன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டது நல்லதாகப் போயிற்று. நடுவில் சேர்த்த ரொக்கப் பார்ட்டிகளுக்கு அவரே 30ஐ அழித்து 0 போட்டிருந்தார். திரையில் இரண்டும் 0. டேபிளில் ஒன்று நல், இன்னொன்று நிஜமான 0. நிபந்தனையை 'இஸ் நல்' (காலியாக இருந்தால் மட்டும்) என்று மாற்றினேன். பேக்கப் எடுத்துவிட்டு ஓட்டினேன்.

ஏற்கெனவே போஸ்ட் ஆன பில்களில் தப்பான கெடு தேதி பதிந்துபோயிருந்தது. அதைக் குவெரியில் திருத்த அக்கா விடவில்லை. பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொன்றாகத் தானே மாற்றி, பேனாவால் டிக் அடித்தார். மதியச் சாப்பாடு வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து எண் வாசித்தேன்.