ஷட்டர் இறக்கிட்டுப் போன ஓனர்கிட்ட நஷ்டஈடு எப்படி கேக்கறது?

அக்கா வீட்டுக்காரர், அதான் எங்க மாமா, கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு பட்டறைல பவர் பிரஸ் ஓட்டிட்டு இருந்தாருங்க, மோட்டாருக்குப் போற தகடு அடிக்கற வேலை. 2023 ஆகஸ்ட்ல ஒரு நைட் ஷிஃப்ட், பெடல்ல இருந்து கால எடுத்த பிறகும் பிரஸ் இன்னொரு அடி இறங்கிடுச்சு, வலது கைல ஆள்காட்டி விரலும் நடு விரலும் போச்சு.

ஓனர் ஆஸ்பத்திரி செலவ பாத்துகிட்டாரு, அத இல்லைன்னு சொல்லக்கூடாது. நஷ்டஈடு மட்டும் "தீபாவளி முடியட்டும்", "பொங்கல் போகட்டும்"னு தள்ளிட்டே வந்தாரு. பிப்ரவரில ஒரு நாள் காலைல மாமா போன் பண்ணி "மாப்ள, பிரஸ்ஸ லாரில ஏத்திட்டு இருக்காங்கடா"ங்கறாரு. அவ்ளோதான், ஷெட்ட காலி பண்ணிட்டு ஓனர் போயிட்டாரு, திவால் மனு கிவால் மனு ஒண்ணும் கிடையாது, போனும் ஸ்விட்ச் ஆஃப்.

கம்பெனியே இல்ல, இனி யார்கிட்ட போய் நிக்கறதுன்னு வீட்ல எல்லாரும் கைய விரிச்சுட்டாங்க, நானும்தான். அப்புறம் தெரிஞ்ச யூனியன்காரர் ஒரு வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. அவர் மொதல்ல கேட்டது "இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிச்சாங்களா?" பட்டறைல மொத்தம் எட்டு பேர், இஎஸ்ஐக்கு பத்து பேர் வேணும். இருந்திருந்தா கதையே வேற, ஊனத்துக்கான மாசப் பணம் இஎஸ்ஐ கார்ப்பரேஷன்தான் குடுக்கும், ஓனர் இருந்தா என்ன ஓடினா என்ன.

அடுத்த கேள்வி "ஷெட் சொந்தமா வாடகையா?" இத எதுக்கு கேக்கறாருன்னு எனக்கு புரியல. அப்போ நடப்புல இருந்த 1923ம் வருஷ தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல (2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா புதுச் சட்டம் வந்துடுச்சு) 14ஏ-ன்னு ஒரு பிரிவு இருந்துச்சாம், நஷ்டஈடு பாக்கி வெச்சுகிட்டு ஓனர் சொத்த கை மாத்தினா அதுல இருக்கற நிலம், கட்டிடம் மேல நம்ம பாக்கிதான் முதல் பாத்தியதைன்னு. எங்களுக்கு அது உதவல, ஷெட் வாடகை, மிஷின் அசையாச் சொத்துல வராது.

மூணாவது கேள்விலதான் கதவு தெறந்துச்சு, "டபிள்யூசி பாலிசி, அதான் தொழிலாளிக்கு அடிபட்டா ஓனர் தரவேண்டிய நஷ்டஈட்டுக்கு இன்சூரன்ஸ், போட்டிருந்தாரா?" மாமாவுக்குத் தெரியாது. கூட வேலை செஞ்ச பையன் ஒருத்தன் போன்ல தேடினான், ஆர்டர் குடுக்கற பெரிய கம்பெனிக்கு ஓனர் அனுப்பச் சொன்ன பேப்பர் போட்டோக்கள்ல பாலிசியோட முதல் பக்கம் இருந்துச்சு! கொஞ்சம் மங்கல், நம்பர் மட்டும் படிக்க முடிஞ்சுது. முறைப்படி திவாலான ஓனர்னா அதே சட்டத்தோட 14வது பிரிவுப்படி இன்சூரன்ஸ்காரன்மேல அவருக்கு இருக்கற உரிமை அப்படியே தொழிலாளிக்கு வந்துடும்னு இருந்துச்சு. நம்மாளு ஓடிப்போனவர்தானே, அதனால ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டு பேரையும் எதிர்மனுதாரரா போட்டு தொழிலாளர் துறை ஆணையர்கிட்ட மனு குடுத்தாரு வக்கீல். அந்தச் சட்டப்படி விபத்து நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்னு இருந்துச்சு, நாங்க நல்லவேளை அதுக்குள்ள போட்டுட்டோம்.

இன்சூரன்ஸ் கம்பெனி சும்மா விடுமா, பாலிசில ஆறு பேர்தான் காட்டியிருக்கு, இவரு அந்த ஆறுல ஒருத்தர்னு என்ன ஆதாரம்னாங்க. சம்பள ரிஜிஸ்டர் ஓனரோடயே போயிடுச்சு. மாசாமாசம் ஜிபேல வந்த 14,000 ரூபாய ஒண்ணொண்ணா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டுக் குடுத்தோம், ஒரு மாசம் அதுக்குக் கீழ "சேலரி + ஓடி" (ஓடின்னா ஓவர்டைம்) அப்படின்னு ஓனரே டைப் பண்ணியிருந்தாரு பாருங்க, அந்த ஒரு வரிதான் மாமாவ காப்பாத்துச்சு.

கணக்கு இப்படி: சம்பளத்துல 60 சதவீதம் 8,400, மாமா வயசு 35க்கு சட்டத்துல அப்போ இருந்த காரணி 197.06, பெருக்கினா 16,55,304. ஒரு கைல ரெண்டு விரல் போனா அட்டவணைல 20 சதவீதம், ஆக 3,31,061 ரூபாய். ஒரு மாசத்துக்குள்ள குடுக்கலைன்னா 12 சதவீத வட்டி வேற. (அந்த விரலுக்கு இவ்ளோ, இந்த விரலுக்கு இவ்ளோன்னு விலைப்பட்டியல் மாதிரி இருக்கற அந்த அட்டவணைய அக்கா படிக்கவே மாட்டேனுட்டா.)

இழப்பீட்டுத் தொகை ஆணையர் மூலமா வந்துடுச்சு. லேட் பண்ணினதுக்கான அபராதம் இன்சூரன்ஸ் தலைல விழாது, அது ஓனர் கைக்காசு. அதுக்கு அனுப்பின நோட்டீஸ் "விலாசதாரர் இல்லை"ன்னு மூணு தடவ திரும்பி வந்துருக்கு, நாலாவது போன வாரம் அனுப்பியிருக்கோம்.