காத்திருக்கும் நேரம் பூஜ்ஜியமானால்

லினக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய ஒரு டிரைவரை (வன்பொருளை இயக்கும் நிரலை) ஃப்ரீபிஎஸ்டி என்ற மற்றோர் இயங்குதளத்துக்கு மாற்றும் வேலை, இங்கே மொரீஷியஸில், எபேன் சைபர் சிட்டியில் உள்ள எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்திருக்கும் இளைஞர், "அண்ணா, டைம்அவுட் பூஜ்ஜியம் என்றால் உடனே திரும்பிவிடும்தானே?" என்று கேட்டார். டைம்அவுட் என்பது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற காலக்கெடு. பூஜ்ஜியத்துக்கு என்ன பொருள் என்பது, அது எந்தக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்பதைப் பொறுத்தது.

ஏதாவது தயாராகிவிட்டதா என்று கேட்கும் 'போல்' (poll) அழைப்பில் பூஜ்ஜியம் கொடுப்பது, ரோஸ் ஹில் நிலையத்தில் மெட்ரோ நிற்கிறதா என்று எட்டிப் பார்த்து, இல்லையென்றால் அப்படியே திரும்பிவிடுவதைப் போன்றது. ஒரு த்ரெட்டை (நிரலின் ஓர் இயங்கு இழையை) உறங்கவைக்கும் ஃப்ரீபிஎஸ்டியின் டிஸ்லீப், எம்ஸ்லீப் ஆகியவற்றிலோ பூஜ்ஜியம் என்றால் காலக்கெடுவே கிடையாது. யாராவது எழுப்பும்வரை அந்த த்ரெட் உறங்கிக்கொண்டே இருக்கும். கெடு முடியும் நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து, மிச்சத்தை டிக்குகளாக (கெர்னல் கடிகாரத்தின் துடிப்புகளாக) மாற்றி அனுப்பும் நிரல், மிகச் சரியாகக் கெடு தீரும் கணத்தில் நிரந்தரமாகத் தூங்கிப்போவது இதனால்தான். நொடிக்கு 100 டிக் என்றால் ஒரு டிக் 10 மில்லிநொடி. 5 மில்லிநொடியை அந்த 10ஆல் முழு எண்ணாக வகுத்தாலும் பூஜ்ஜியமே வரும். மில்லிநொடிகளை ஜிஃபிகளாக (லினக்ஸில் டிக்குக்கு அதுதான் பெயர்) மாற்றும் லினக்ஸின் எம்செக்ஸ்_டு_ஜிஃபீஸ் மேல்நோக்கி முழுமையாக்குவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

லினக்ஸில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை அல்லது கெடு தீரும்வரை காத்திருக்கும் வெயிட்_ஈவென்ட்_டைம்அவுட் என்ற மேக்ரோ (நிரலில் விரித்தெழுதப்படும் சுருக்கம்) மிச்சமுள்ள ஜிஃபிகளைத் திருப்பித் தருகிறது. 0 வந்தால் கெடு தீர்ந்துவிட்டது என்று பொருள். நிபந்தனை உரிய நேரத்தில் நிறைவேறியும், எழுப்பப்பட்ட த்ரெட் தாமதமாக ஓடியதால் மிச்சம் 0 ஆகி, வெற்றி தோல்வியாகத் தெரிந்த பிழை 2013இல் திருத்தப்பட்டது. இப்போதைய மேக்ரோ முதலில் நிபந்தனையைத்தான் பார்க்கிறது. நிபந்தனை நிறைவேறியிருந்து மிச்சம் பூஜ்ஜியமானால் 1 தருகிறது. நிறைவேறாமல் கெடுவும் பூஜ்ஜியமானால் ஷெட்யூலர் (எந்த த்ரெட் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி) பக்கமே போகாமல் 0 தருகிறது. கடிகாரத்துக்கு முன் நிலையைக் கேட்கும் இந்த வரிசைதான் சரியானது என்பது என் கருத்து.

ஆனால் அந்த 1 உண்மையான மிச்சம் அல்ல. மூன்று நிகழ்வுகளுக்கு அடுத்தடுத்துக் காத்திருக்கும் ஒரு நிரல், முதல் அழைப்புக்கு 0 கொடுத்து 1 பெற்று, அதையே இரண்டாவதன் கெடுவாக அனுப்பினால், காத்திருக்கவே கூடாது என்று கேட்டவர் ஒரு ஜிஃபி வரை உறங்க நேரிடும். நொடிக்கு 250 டிக் உள்ள கெர்னலில் அது 4 மில்லிநொடி. எனவே தொடக்கத்தில் கெடு பூஜ்ஜியமாக இருந்ததா என்பதைத் தனியே நினைவில் வைத்து, கடைசிவரை ஒவ்வொரு அழைப்புக்கும் பூஜ்ஜியத்தையே கொடுக்க வேண்டும்.

பூஜ்ஜியம் கொடுத்தால் இன்டரப்ட் சூழலிலும் (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும், உறங்கவே கூடாத நிரலிலும்) இந்த மேக்ரோவை அழைக்கலாமா என்பது அந்த இளைஞரின் அடுத்த கேள்வி. கூடாது, மேக்ரோவின் தொடக்கத்திலேயே உறங்கக்கூடாத இடமா என்று பார்க்கும் மைட்_ஸ்லீப் சோதனை இருக்கிறது, பிழைதேடும் அமைப்பு இயக்கப்பட்ட கெர்னலில் அது எச்சரிக்கை எழுப்பும். அங்கே நிபந்தனையை நேரடியாகப் பார்த்துக்கொள்வதே முறை. ஃப்ரீபிஎஸ்டி பக்கம் எம்ஸ்லீப்பைச் சுற்றி நாங்கள் எழுதும் உறைச் செயற்கூறிலும், பூஜ்ஜியம் வந்தால் பூட்டைப் (பிற த்ரெட்கள் அதே தரவை மாற்றாமல் தடுப்பதை) பிடித்தபடியே நிபந்தனையைச் சோதித்து, எம்ஸ்லீப்பை அழைக்காமலே திரும்பும்படி அமைத்திருக்கிறோம்.