நீலம் ஏறத் தாமதித்த குழாய்: சுப்பாராவின் ஆய்வுக் கட்டுரைகளோடு மூன்று வாரங்கள்

2024 ஜூலை 15, திங்கள்

முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு இன்று சீரம் (இரத்தத் தெளிநீர்) பாஸ்பரஸ் அளவிடும் செய்முறை வகுப்பு. பாஸ்பேட் இருந்தால் குழாய் நீலமாகும். மாதிரி சேர்க்காத வெற்றுக் குழாய் நிறமற்று இருந்திருக்க வேண்டும். நான்காம் மேசையில் அதுவே பளிச்சென்று நீலமாக மாறி நின்றது. குழாய்களைக் கழுவிய சோப்புத் தூளில் இருந்த பாஸ்பேட் கண்ணாடியில் ஒட்டியிருந்ததுதான் காரணம். ஒரு தொகுதி குழாய்கள் முழுவதையும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசிய பிறகே வகுப்பைத் தொடர முடிந்தது.

காத்திருந்த நேரத்தில் ஒரு மாணவி, "மேடம், ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று கையேட்டில் போட்டிருக்கிறதே, அந்தச் சுப்பாராவ் யார்?" என்று கேட்டார். பீமவரத்தில் பிறந்த தெலுங்கர், நம் சென்னையில் மருத்துவம் படித்தவர் என்று மட்டும் சொன்னேன். பதினெட்டு ஆண்டுகளாக இந்த முறையைக் கற்பித்துவரும் நான் அதன் மூலக் கட்டுரையை முழுமையாக வாசித்ததில்லை என்பது அப்போது உறைத்தது. ஆகஸ்டு இரண்டாம் வாரம் எம்.டி. மாணவர்களின் ஜர்னல் கிளப்பில், அதாவது ஆய்வுக் கட்டுரைகளை விவாதிக்கும் கூட்டத்தில், நான் பேச வேண்டிய முறை வருகிறது. எல்லாப்பிரகட சுப்பாராவின் கட்டுரைகளை ஆண்டு வரிசையில் வாசித்து, அவற்றையே பொருளாக எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

2024 ஜூலை 18, வியாழன்

கட்டுரைகளுக்குள் நுழையும் முன் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டினேன். பிறப்பு 1895 ஜனவரி 12. பள்ளிப் படிப்பில் தடுமாறி, மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன் பின் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை வகுப்பில் கதராடை அணிந்தது பேராசிரியரின் மனக்கசப்புக்கு இடமாயிற்று; எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் பாடம் நடத்தியிருக்கிறார். 1922இல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்.

அதற்கு முன்பே உடன்பிறந்தவர்கள் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். உண்ணும் உணவு உடலில் ஒட்டாமல், இரத்தம் வற்றி ஆளைக் கரைக்கும் நோய் அது. இதை இங்கே குறித்து வைக்கிறேன். இருபது ஆண்டு கழித்து வெளிவந்த ஒரு கட்டுரையை வாசிக்கும்போது நினைவுக்கு வர வேண்டும்.

2024 ஜூலை 21, ஞாயிறு

1925ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்று முழுவதும் வாசித்தேன். 'ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி'யின் 66ஆம் தொகுதியில், பாஸ்பரஸை நிறத்தால் அளவிடும் முறை பற்றி 26 பக்கம். சைரஸ் ஃபிஸ்கேவின் பெயர் முதலிலும் சுப்பாராவின் பெயர் இரண்டாவதாகவும் உள்ளன. ஹார்வர்டில் ஓட்டோ ஃபோலின் தலைமை வகித்த துறை அது. சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு சர்க்கரை, கிரியேட்டினின், யூரியா ஆகியவற்றை அளக்கலாம் என்று காட்டி, மருத்துவமனை ஆய்வகம் என்ற ஒன்றுக்கே வழி வகுத்த துறை என்று அதைச் சொல்லலாம்.

பாஸ்பரஸுக்கு அதற்கு முன்பே பெல்–டோய்சி முறை 1920இலும், அதைத் திருத்திய பிரிக்ஸ் முறை 1922இலும் வந்திருந்தன. இரண்டிலும் நீல நிறத்தை வரவழைக்கும் ஒடுக்கும் பொருள் ஹைட்ரோகுவினோன்தான். ஃபிஸ்கேவும் சுப்பாராவும் அதன் இடத்தில் அமினோநாப்தால் சல்போனிக் அமிலத்தைச் சல்பைட்டோடு சேர்த்து வைத்தார்கள். சீரத்தின் புரதத்தை டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் திரளச் செய்து வடிகட்டினால் தெளிந்த வடிநீர் கிடைக்கும். அதில் அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்தால் பாஸ்பேட் அதனோடு இணையும். இந்த ஒடுக்கும் கரைசல் ஒரு சிறு அளவு விழுந்ததும் நீலம் ஏறும். ஐந்தே நிமிடத்தில் அளந்துவிடலாம். அளப்பதற்கு மின்கருவி ஏதும் அன்றில்லை; விழிவில்லையில் தெரியும் இரண்டு அரைவட்டங்களின் நீலமும் ஒன்றாகும் வரை குழாயின் ஆழத்தைத் திருகித் திருகி ஒப்பிடுவார்கள். அளவுகருவி என்றால் மனிதனின் கண்தான்.

எனக்குப் பெரிதாகத் தோன்றியது, எந்தெந்தப் பொருள் குறுக்கிட்டு நிறத்தைக் கெடுக்கும் என்பதை அவர்கள் அலுப்பில்லாமல் சோதித்த விதம். ஒரு முறை தோற்கும் இடங்களையும் சேர்த்துச் சொல்வதுதான் அந்த முறையை நம்பிப் பயன்படுத்தலாம் என்பதற்குச் சான்று. இப்போது வரும் பல கட்டுரைகளில் இந்தப் பகுதி ஒற்றைப் பத்தியாகச் சுருங்கிவிட்டதைக் கண்டு வருந்துகிறேன்.

2024 ஜூலை 26, வெள்ளி

இந்த வாசிப்பில் மறக்க முடியாத நாள் இதுதான்.

1927இல் 'சயன்ஸ்' இதழில் இருவரும் எழுதிய குறிப்பு மிகச் சிறியது. பூனையின் தசையிலிருந்து எடுத்த வடிநீரைத் தங்கள் முறைப்படி சோதித்தபோது நீலம் ஐந்து நிமிடத்தில் முழுமை அடையாமல், தயங்கித் தயங்கி ஏறிக்கொண்டே போயிற்று. ஏதோ கலப்பு என்று ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் சேர்த்த அமில மாலிப்டேட்டே தசையில் இருந்த ஒரு நொய்ந்த சேர்மத்தை உடைத்துப் பாஸ்பேட்டைச் சிறிது சிறிதாக வெளிவிட்டுக்கொண்டிருந்தது. கிரியேட்டினும் பாஸ்பாரிக் அமிலமும் இணைந்த அந்தச் சேர்மம்தான் பாஸ்போகிரியேட்டின். தசையை மின்சாரத்தால் தூண்டினால் அது குறைகிறது, ஓய்வு கொடுத்தால் மீள்கிறது என்பதையும் அதே குறிப்பில் காட்டினார்கள். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் அதே ஆண்டில் இதே பொருளை எட்டி, அதைப் பாஸ்பாஜன் என்று அழைத்தார்கள்.

வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நொதி ஆய்வுக்காக உறைபெட்டியில் வைத்திருந்த கிரியேட்டின் பாஸ்பேட்டில் (பாஸ்போகிரியேட்டினின் மறுபெயர்) சிறிது எடுத்துக் கரைத்தேன். ஒரு குழாயில் அளவு தெரிந்த வழக்கமான பாஸ்பேட் திட்டக் கரைசல், மற்றொன்றில் இது. இரண்டிலும் ஒரே நேரத்தில் வினைப்பொருள்களைச் சேர்த்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு நானும் ஆய்வக உதவியாளர் அண்ணாவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் குழாய் உடனே நீலமாகி, ஐந்தாம் நிமிடத்துக்குப் பின் ஏறக்குறைய அப்படியே நின்றது. இரண்டாவது முதலில் வெளிறிய வானம்போல் இருந்தது. பத்தாம் நிமிடம் சற்றுக் கருத்தது. கால் மணி கடந்தும் மெல்ல மெல்ல அடர்ந்துகொண்டே இருந்தது. "இது நிற்கவே மாட்டேங்குதே, மேடம்" என்றார் அண்ணா. தொண்ணூற்றேழு ஆண்டுக்கு முன் பாஸ்டனில் இருவர் கண்ட அதே தயக்கத்தை என் கண்ணால் பார்த்தேன்.

2024 ஆகஸ்டு 1, வியாழன்

1929இல் பாஸ்போகிரியேட்டின் பற்றிய விரிவான கட்டுரை ஐம்பது பக்கத்தைத் தாண்டி வந்தது. அதே ஆண்டில் தசையிலும் ஈரலிலும் உள்ள பாஸ்பரஸ் சேர்மங்களைப் பற்றிய 'சயன்ஸ்' குறிப்பில், செல்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்த செய்தி இருக்கிறது. ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டில் தனியே அதைக் கண்டறிந்து வெளியிட்டார். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கருத்து அப்போது நிலவியது; தசையில் லாக்டிக் அமிலத்தின் மாற்றத்தை ஆராய்ந்தவருக்கு 1922ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கே வழங்கப்பட்டிருந்தது. லாக்டிக் அமிலம் உருவாகாமலே தசை சுருங்கும் என்று 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட் காட்டியபோது, அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பாஸ்போகிரியேட்டின் விடையாக நின்றது.

சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, விரைவிலேயே ஆராய்ச்சி இயக்குநரானார். அதன் பிறகு அவருடைய பெயர் நீண்ட பெயர்ப் பட்டியல்களின் நடுவில்தான் தென்படுகிறது. வைட்டமின் வகையான ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததை அறிவித்த 1945ஆம் ஆண்டுக் கட்டுரையில் பதினாறு பேர் பெயர்கள், அவருடையது ஏழாவது. பெயர் வரிசையை வைத்து ஆய்வாளரை எடைபோடும் இன்றைய வழக்கம் இவரைத் தவறவிட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தச்சோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதை ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் 1931இல் எழுதியிருந்தார். அந்தச் சாற்றில் இருந்த, பெயர் தெரியாத பொருள்தான் இந்த ஃபோலிக் அமிலம். சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோய்க்கும் இதுவே மருந்தாயிற்று. பதினெட்டாம் தேதி எழுதி வைத்த வரியைத் திருப்பிப் பார்த்தேன். நெடுநேரம் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றவில்லை.

2024 ஆகஸ்டு 4, ஞாயிறு

யானைக்கால் நோய்க்கான டை எத்தில் கார்பமசின் பற்றிய 1947ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. நம் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் கொண்டுவந்து கண்முன்னே விழுங்கச் சொன்ன டி.இ.சி. மாத்திரை அதுவே. டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பு வகையின் முதல் மருந்தான ஆரியோமைசினைப் பெஞ்சமின் டகர் கண்டறிந்ததும் இவர் இயக்கிய ஆய்வகத்தில்தான்.

ஆனால் நான் அதிக நேரம் செலவிட்டது அவர் பெயர் ஆசிரியர்களுள் இல்லாத ஒரு கட்டுரையில். 1948 ஜூன் 3 அன்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழுவினர் எழுதியது. ஃபோலிக் அமிலத்தின் வடிவைச் சிறிதே மாற்றி, செல்களை ஏமாற்றும் அமினோப்டெரின் என்னும் பொருளைச் சுப்பாராவின் குழு தயாரித்துக் கொடுத்தது. கடும் இரத்தப் புற்றுநோய் கொண்ட 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்ததில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது தற்காலிகமானதே என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதன் உறவான மெத்தோட்ரெக்சேட் என்னும் புற்றுநோய் மருந்தின் இரத்த அளவை இன்று எங்கள் ஆய்வகத்திலேயே அளந்து குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புகிறோம்.

அந்தக் கட்டுரை வந்து இரண்டே மாதத்தில், 53 வயதில், சுப்பாராவ் இறந்துபோனார்.

2024 ஆகஸ்டு 8, வியாழன்

ஜர்னல் கிளப் நடந்தது. வாழ்க்கைக் கதையைச் சுருக்கி, 1925, 1927 கட்டுரைகளுக்கே பெரும்பகுதி நேரத்தை ஒதுக்கினேன். இப்போதைய தானியங்கிக் கருவிகள் ஒடுக்கும் படியையே விட்டுவிட்டு, பாஸ்பேட்டும் மாலிப்டேட்டும் இணைந்த நிறமற்ற கூட்டுப்பொருளைப் புறஊதா ஒளியில் 340 நானோமீட்டரில் அளப்பதால், நோயாளியின் மாதிரியில் அந்த நீலத்தை எங்கள் எம்.டி. மாணவர்கள் பார்த்ததே இல்லை. ஆகவே இரண்டு குழாய்களையும் மேசையில் வைத்து அவர்கள் முன்னிலையில் மீண்டும் செய்து காட்டினேன்.

இரண்டாம் குழாயைப் பார்த்த ஒரு மாணவர், வினைப்பொருள் பழசாகியிருக்கும் மேடம், புதிதாகத் தயாரித்துச் செய்யலாமே என்றார். நல்ல ஐயம்தான். புதிதாகக் கரைத்துச் செய்தோம். நீலம் அதே போலத் தாமதித்தே ஏறியது. நாளைக் காலை தசை வடிநீரிலேயே செய்து பார்க்க அவர் அனுமதி கேட்டிருக்கிறார். குழாய்களை இன்றிரவே அமிலத்தில் ஊறவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.